கட்டிக்கொள்ளவா, வைத்துக்கொடுக்கவா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். ஆறு ஆண்டுகள் பெங்களூரில் இருந்துவிட்டு, கணவரின் வேலை மாற்றத்தால் சேலத்துக்கே திரும்பி வந்திருக்கிறோம். அழகாபுரத்தில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சிலிண்டர் போடுபவர் ஒவ்வொரு முறையும் ரசீதுக்கு மேல் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொள்கிறார். ஒருமுறை கணவர் ரசீதில் உள்ளதை மட்டும் எண்ணிக் கொடுத்தார். அடுத்த சிலிண்டர் நான்கு நாள் தாமதமாக வந்தது, அதுவும் மாடிப்படிக்குக் கீழேயே நின்றுவிட்டது. "இது டிப்ஸ் இல்லை, லஞ்சம்" என்கிறார் கணவர்.

வீட்டு வேலைக்கு வரும் அக்கா சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. மாதம் 4,500 ரூபாய் கொடுக்கிறோம். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸாக வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மாமியாரோ, "ஒரு புடவையும் ஸ்வீட் பாக்ஸும் போதும், பழக்கிவிடாதே" என்கிறார். இவர்கள் போதாதென்று கம்பத்தில் ஃபியூஸ் போட வந்தவர், குப்பை எடுப்பவர், தபால்காரர் என்று பண்டிகைக்குப் பண்டிகை ஆட்கள் வந்து நிற்கிறார்கள். யாருக்குக் கொடுப்பது, எப்போது கொடுப்பது? உங்கள் கருத்தை எழுதுங்கள். என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி, சேலம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியார் சொன்ன புடவையிலிருந்து தொடங்குகிறேன். நான் அம்மாப்பேட்டையில் தறி ஓடிய வீட்டில் பிறந்தவன். புடவை என்றால் எனக்குக் கொஞ்சம் வாய் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் ஜவுளிக்கடைகளில் புடவை கேட்டால், விற்பவர் எடுத்துப் போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார். "கட்டிக்கொள்ளவா, வைத்துக்கொடுக்கவா?" இரண்டுக்கும் அலமாரியே வேறு. வைத்துக்கொடுக்கிற புடவைக்கு நிறம் அடர்த்தியாக இருக்கும், பெட்டி பளபளப்பாக இருக்கும், இழை மட்டும் நெருக்கமாக இருக்காது. அதைக் கட்டிப் பார்க்கப்போவது நாம் இல்லை என்பது கடைக்காரருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். வாங்கிக்கொள்கிறவருக்கும் தெரியும் என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். நான்கு வீட்டில் வேலை செய்கிற பெண்ணுக்குத் தீபாவளிக்கு நான்கு புடவைகள் சேரும். அவற்றைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் பீஸ் கட்ட முடியாது, அடகில் இருக்கும் தோட்டை மீட்கவும் முடியாது.

என் அப்பா கூலிக்கு நெய்தவர். பாவும் ஊடும் முதலாளியுடையவை, தறியும் உடம்பும் எங்களுடையவை. ஆண்டு முழுவதும் வாங்கிய கூலி ஒரு நோட்டில் ஏறியிருக்கும். தீபாவளி நெருங்கும்போது அந்தத் தொகைக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று போனஸ் பேசுவார்கள். பேச்சு இழுக்கும். சில ஆண்டுகளில் பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் முடியும். அப்பா பணத்தைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுக்கும்போது, "முதலாளி கொடுத்தார்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "பிடித்து வைத்திருந்தது வந்துவிட்டது" என்பார். சிறுவயதில் அதை அவருடைய வீம்பு என்றுதான் நினைத்தேன்.

பின்னாளில் சட்டத்தைப் படித்தபோது அது வீம்பு இல்லை, கணக்கு என்று புரிந்தது. 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் குறைந்தபட்ச போனஸை முதலில் 4 சதவீதமாக வைத்தது, எழுபதுகளின் தொடக்கத்தில் அது 8.33 ஆனது. அது என்ன இந்தச் சில்லறை எண் என்று தோன்றுகிறதல்லவா? நூறைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். ஓர் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம் என்பது ஒரு மாதச் சம்பளம். உங்கள் வீட்டு அக்கா கேட்டது அதே தொகைதான். அவர் சட்டம் படித்துக் கேட்டிருக்க மாட்டார். ஆலையில், எஸ்டேட்டில், பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணன் தம்பிகள் வாங்குவதைப் பார்த்துக் கேட்டிருப்பார். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் பெண்ணுக்கு உண்டு, அடிவாரத்தில் நம் பாத்திரத்தைத் தேய்க்கும் பெண்ணுக்குக் கிடையாது. ஏனென்றால் அந்தச் சட்டம் தொழிற்சாலைகளையும், இருபது பேருக்குக் குறையாத நிறுவனங்களையும் நினைத்து எழுதப்பட்டது. நம் சமையலறை நிறுவனம் இல்லை. அங்கே வேலை பார்ப்பவர் மட்டும் எப்படியோ தொழிலாளியாகவே இருக்கிறார்.

ஏழு மாதம்தான் ஆகிறது என்பது உங்கள் தயக்கம். கணக்குப்படி பன்னிரண்டில் ஏழு பங்கு போட்டால் 2,625 ரூபாய் வரும். அதைக் கொடுத்தால் தவறு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் 4,500 ரூபாயையும் கொடுத்துவிடுங்கள் என்பேன். வேலைக்குச் சேர்த்த அன்று போனஸ் பற்றி நீங்கள் ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டியது அவர் இல்லை, நீங்கள்தான். பேசாமல் விட்டதற்கான செலவு பேசும் நிலையில் இருந்தவர் தலையில் விழுவதே முறை. அடுத்த ஆண்டிலிருந்து தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: தீபாவளிக்கு ஒரு மாதம், ஆண்டுக்கு ஒருமுறை சம்பள உயர்வு, மாதத்துக்கு இத்தனை நாள் பிடித்தம் இல்லாத விடுப்பு. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு மூன்று நாள் வரவில்லை என்று சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு, ஐப்பசியில் அதே பணத்தில் புடவை எடுத்து வைத்துக்கொடுக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். தாம்பாளம் வேறு, வெற்றிலை பாக்கு வேறு!

மாமியாரோடு சண்டை வேண்டாம். அவர் ஆசைப்பட்டால் புடவையும் எடுக்கட்டும், கட்டிக்கொள்கிற அலமாரியிலிருந்து. அதன் விலையைப் போனஸில் கழிக்காமல் இருந்தால் சரி. "பழக்கிவிடாதே" என்கிறார் அல்லவா? எழுந்ததும் தேய்த்த பாத்திரத்தில் பால் காய்ச்சப் பழகிக்கொண்டது யார் என்று மட்டும் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அல்லது கேட்காதீர்கள், உங்கள் வீட்டு நிலவரம் உங்களுக்குத்தான் தெரியும். இன்னொன்று: வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007-இல் தமிழ்நாட்டில் நலவாரியம் ஏற்படுத்தப்பட்டது. அந்த அக்கா அதில் பதிவு செய்திருக்கிறாரா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் படிவம் நிரப்ப உதவுங்கள். பிள்ளைகளின் படிப்புக்கு, பின்னால் ஓய்வூதியத்துக்கு அது கைகொடுக்கும்.

"சுதந்திரம்" என்ற சொல்லுக்கு நாம் மறந்துபோன ஒரு பொருள் உண்டு. களத்துமேட்டில் நெல்லைத் தூற்றி அளக்கும்போது, ஊருக்கு வேலை செய்கிற தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் ஆகியோருக்கு முதலில் பங்கு ஒதுக்குவார்கள். அந்தப் பங்குக்குச் சுதந்திரம் என்றுதான் பெயர். வெள்ளைக்காரர் காலத்து வருவாய்த்துறைப் பதிவுகளிலும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. நெல் வீட்டுக்குப் போய் அதன் பிறகு மிச்சத்தில் அள்ளிப் போட்டதல்ல, களத்திலேயே அளந்து கொடுத்தது. இதைச் சொல்லி அந்தக் காலம் பொற்காலம் என்று பாடப்போவதில்லை. அந்தப் பங்கோடு சாதியும் சேர்ந்தே அளக்கப்பட்டது. "படியளக்கிறவர்" முன் கூனி நிற்க வேண்டியிருந்தது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊரை விட்டுப் போகவும் முடியவில்லை. கூனலை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ள முடியுமானால், உங்கள் அக்காவுக்குச் சேர வேண்டியது அந்தச் சுதந்திரம்தான். இனாம் இல்லை.

சிலிண்டர் விஷயம் வேறு. இதில் விதி உங்கள் கணவர் பக்கம் இருக்கிறது. வீட்டு சிலிண்டரின் விலையில், வீடு வரை கொண்டுவந்து தரும் கூலியும் அடக்கம். எத்தனையாவது மாடி என்பது கணக்கிலேயே வராது. நீங்களே குடோனுக்குப் போய் எடுத்துக்கொண்டால் ஒரு சிறு தொகையைக் கழித்துக்கொள்ளக்கூட வழி இருக்கிறது. எடை போட்டுக் காட்டச் சொல்லலாம், கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம். இவை எதற்கும் தனிக்காசு கிடையாது.

ஆனால் சிலிண்டரைத் தூக்கியவருக்கு விதிப்புத்தகத்தால் தோள் வலி போகாது. உள்ளே இருக்கும் எரிவாயு 14.2 கிலோ, வெறும் உருளையே பதினைந்து கிலோவுக்கு மேல். ஆக, முப்பது கிலோ. மாசி, பங்குனியிலேயே சேலம் வெயில் எப்படி இருக்கும் என்று பெங்களூரிலிருந்து வந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மனிதர் எண்ணெய் நிறுவனத்தின் ஊழியர் இல்லை, ஏஜென்சியின் ஆள். பல இடங்களில் சிலிண்டருக்கு இவ்வளவு என்று கூலி, மீதியை மாடிப்படிகளில் பார்த்துக்கொள் என்பது சொல்லப்படாத ஏற்பாடு. ஏஜென்சி கொடுக்க வேண்டிய சம்பளத்தை உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்புகிறது. கோபப்படுவதென்றால் அந்த மேசையில் போய்க் கோபப்பட வேண்டும். படியேறி வந்து மூச்சு வாங்குகிறவரிடம் காட்டுவது எளிது என்பதால் நாம் அங்கே காட்டுகிறோம்.

நான் செய்வதைச் சொல்கிறேன். பதிவு செய்யும்போதே தொகையை ஆன்லைனில் கட்டிவிடுகிறேன். "சில்லறை இல்லை" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. ரசீது ஒரு பக்கம், நான் கொடுப்பது ஒரு பக்கம் என்று பிரிந்துவிடுகிறது. கைப்பேசிக்கு வரும் டெலிவரி எண்ணை சிலிண்டர் வீட்டுக்குள் வந்த பிறகுதான் சொல்வேன். உருளை உள்ளே வந்து, கசிவு பார்த்து, காலி உருளை வெளியே போன பிறகு முப்பது ரூபாய், ஒரு சொம்புத் தண்ணீர். கேட்டு வாங்கினால் கொடுப்பதில்லை. உங்கள் மூன்றாவது மாடிக்கு ஐம்பது நியாயம்தான். ஆனால் அது நீங்கள் நிர்ணயித்த ஐம்பதாக இருக்க வேண்டும். ஏனென்றால் நீங்கள் கேள்வி கேட்காமல் நீட்டும் ஐம்பது, உங்கள் மாடிப்படியோடு நிற்பதில்லை. தெருவுக்கே அது விலையாகிவிடும். கீழ்த்தளத்தில் ஓய்வூதியத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் பாட்டியும் அந்த ஐம்பதைக் கட்ட வேண்டிவரும். அவர் வீட்டுக்குப் படியே கிடையாது.

அரசு ஊழியர் விஷயத்தில் எனக்குத் தயக்கம் இல்லை. வேலைக்கு முன் கேட்டாலும், வேலையை நிறுத்தி வைத்துக்கொண்டு கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-இல் திருத்தியபோது கொடுப்பவரும் குற்றவாளி என்று ஆயிற்று. கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம். "மாமூல்" என்றால் வழக்கம் என்றுதான் பொருள், அந்தச் சொல்லுக்கு இன்று என்ன கதி ஆகியிருக்கிறது பாருங்கள். நள்ளிரவு மழையில் கம்பத்தில் ஏறி இறங்கியவருக்கு டீ கொடுங்கள், தலை துவட்டத் துண்டு கொடுங்கள். தபால்காரருக்கும் அப்படித்தான், பண்டிகைப் பலகாரத்தோடு நிற்கட்டும். குப்பை எடுப்பவர்கள் விஷயத்தில் மட்டும் என் கொள்கை இளகிவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்பவர்கள். நம் வீட்டு அழுகலைக் கையால் தொடுகிறவர்கள். பொங்கலுக்கு அவர்கள் கேட்காமலே கொடுத்துவிடுகிறேன். இது முரண்பாடு என்று உங்கள் கணவர் சொன்னால், ஆமாம் என்றுதான் சொல்வேன்.

எப்போது கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். இனாம் என்றால் வேலை முடிந்த பிறகு, அதையும் உடனே மறந்துவிட வேண்டும். இதை நான் அவமானப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தண்ணீர் கேன் போடும் தம்பிக்கு ஒரு தீபாவளிக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். அடுத்த வாரமே மாடியில் இருந்த பீரோவை நகர்த்தக் கூப்பிட்டேன், வந்தார். அதற்கடுத்த வாரம் கேன் அரை நாள் தாமதம். வாசலிலேயே வைத்துக் கத்தினேன், தாமதத்துக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. அவர் கேனை இறக்கி வைத்துவிட்டு, "அண்ணா, அந்த ஐந்நூறுக்கும் சேர்த்துத் திட்டுகிறீர்களா?" என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இப்போதும் அவர்தான் கேன் போடுகிறார், பீரோவை நான் நகர்த்திக்கொள்கிறேன்.

போனஸுக்கு இந்த விதி பொருந்தாது. அதை முன்பே கொடுக்க வேண்டும், பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது. சின்னக் கடைவீதியில் கூட்டம் ஏறுவதற்கு முன், விலை ஏறுவதற்கு முன், அவர் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய் நிதானமாகத் துணி எடுக்கட்டும். முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு, பாத்திரமெல்லாம் தேய்த்து முடிக்கும்வரை நிறுத்தி வைத்துக் கொடுத்தால், மற்றவர்கள் புரட்டிப் போட்டுவிட்டுப் போன மிச்சத்தில்தான் அவர் தேட வேண்டியிருக்கும். உறையில் போட்டுக் கொடுங்கள். மேலே "தீபாவளி போனஸ்" என்று எழுதி, தொகையையும் எழுதுங்கள். மாமியார் கையால் கொடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

அன்புடன்.