ஆம்ஸ்டர்டாமில் கால்வாய்ப் படகுச் சவாரி போதாதா, வழிகாட்டியோடு நடந்தும் பார்க்க வேண்டுமா?

ஒன்றுதான் முடியும் என்றால் நடையையே தேர்ந்தெடுங்கள். படகில் பாலங்களும் வீட்டு முகப்புகளும் தெரியும், ஆனால் எதன் முன்னாலும் நினைத்தபடி நிற்க முடியாது. நடக்கும்போது அண்ணாந்து பாருங்கள், பெரும்பாலான பழைய வீடுகளின் உச்சியில் ஓர் உத்தரமும் கொக்கியும் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே படிக்கட்டு குறுகல் என்பதால் மூட்டைகளையும் மேசை நாற்காலிகளையும் கயிறு கட்டி ஜன்னல் வழியாகத்தான் ஏற்றுவார்கள், அவை சுவரில் உரசாமல் இருக்கவே பல வீடுகளைத் தெருப்பக்கம் லேசாகச் சாய்த்துக் கட்டினார்கள். அப்புறம் சில சுவர்களில் செதுக்கிய வண்ணக் கல் இருக்கும், வீட்டு எண் இல்லாத காலத்தில் அதுதான் முகவரி.

பழைய நகரைச் சுற்றி ஓடும் இந்தக் கால்வாய் வளையத்தை 1613-இல் தோண்டத் தொடங்கினார்கள், 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சதுப்பு நிலம், அதனால் பழைய கட்டடங்கள் எல்லாம் மரத்தூண்கள் மேல்தான் நிற்கின்றன, நகரின் அரச அரண்மனைக்கு மட்டும் 13,659 தூண்கள். தண்ணீருக்கடியில் காற்றுப் படாததால் மரம் மக்குவதில்லை.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய தலைமையகத்தையும் காட்டச் சொல்லுங்கள், நம் பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் துணி வாங்கிய கம்பெனி அது. எனக்கு அந்தக் கட்டடத்தின் முற்றத்தைவிட்டு நகரவே மனம் வரவில்லை.