நூறு ரூபாய் வழக்கு

அன்புள்ள ஐயா,

புதுக்கடை நீதிமன்றங்களில் 35 வருடம் காணி உறுதியும் மரணசாசன வழக்குகளும் பார்த்து ஓய்ந்தவன் நான். மிச்சக் காலத்தைச் சமூக வேலைக்குக் கொடுக்க எண்ணம். எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் சோறு வைத்து வளர்ந்த நாயொன்று நஞ்சு தின்று செத்தது. பொலிஸில் முறைப்பாடு எழுதினார்கள், அதோடு சரி. விலங்குகளுக்காக நிற்பதா, வசதியில்லாத சனத்துக்கு இலவசமாக வழக்குப் பார்ப்பதா என்று வீட்டில் வாக்குவாதம். குற்றவியல் பக்கம் எனக்குப் பழக்கமில்லை. எங்கே தொடங்கலாம்?

- வாசகர், கொழும்பு

அன்புள்ள ஐயா,

எல்லையும் அளவும் பிசகாமல் உறுதி எழுதிய உங்கள் பழக்கம் இங்கே நன்றாக உதவும். விலங்கு வழக்குகள் பெரும்பாலும் முதல் நாள் எழுத்திலேயே செத்துப்போகின்றன.

சட்டம் பழசு. 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க விலங்கு வதைத் தடைக் கட்டளைச் சட்டத்தில் உச்சத் தண்டம் 100 ரூபாய், சிறை என்றால் 3 மாதம். இன்றைக்கு நூறு ரூபாயோடு தேத்தண்ணிக் கடைக்குள் நுழையவே யோசிக்க வேண்டும். சட்ட ஆணைக்குழு புதிய வரைவைக் கொடுத்தது 2006 இல். அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

தண்டனைச் சட்டக்கோவையில் இன்னொரு வழி இருக்கிறது. பிறருடைய விலங்கைக் கொன்றோ நஞ்சூட்டியோ நட்டம் விளைவிப்பது அங்கே தனிக் குற்றம். விலங்கின் பெறுமதி 10 ரூபாய் இருந்தாலே போதும், தண்டனையும் 3 மாதத்தை விடக் கூட. சிக்கல் என்னவென்றால், நட்டப்பட்டவர் ஒருவர் வேண்டும். ஒழுங்கை நாய்க்கு உரிமையாளர் யார்? அதனால்தான் சோறு வைப்பவர்களிடம் நான் வற்புறுத்துவது: ஒருவர் பெயரில் தடுப்பூசி அட்டை எடுங்கள், மாநகர சபையில் பதிவு செய்யுங்கள், மருந்துப் பற்றுச்சீட்டுகளை எறியாதீர்கள். உடைமையை நிறுவக் கடதாசி சேர்ப்பதை உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

நஞ்சு வழக்கில் சனம் செய்யும் முதற்பிழை, பாவம் பார்த்து உடனே புதைப்பது. கொழும்பு வெக்கையில் சில மணி நேரத்திலேயே உடல் பழுதாகத் தொடங்கும். ஐஸ் போட்டுக் குளிராக வையுங்கள். உறையவிட்டால் இழையங்கள் கெட்டு நுணுக்குக்காட்டிப் பரிசோதனைக்கு உதவாது. கால்நடை வைத்தியர் இரைப்பையில் உள்ளதையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் தனித்தனிப் போத்தலில் எடுக்க வேண்டும். நஞ்சு தேடும் மாதிரியில் ஃபோர்மலின் ஊற்றக்கூடாது. அவற்றை நீங்களே தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். பொலிஸ் சீல் வைத்து, நீதவானுக்கு பி அறிக்கை (விசாரணை பற்றிப் பொலிஸ் நீதிமன்றில் கொடுக்கும் அறிக்கை) போட்டு, கட்டளை பெற்று அரச பகுப்பாய்வாளருக்கு அனுப்பட்டும். இடையில் யார் கையில் இருந்தது என்று காட்ட முடியாத போத்தலை எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் உடைத்துவிடும்.

அடிபட்ட விலங்கென்றால், வைத்திய அறிக்கையில் "கொடூரமாகத் தாக்கப்பட்டது" என்று எழுதவிடாதீர்கள். காயம் எத்தனை சென்ரிமீற்றர், எந்தப் பக்கம், எத்தனை மணி நேரப் பழசு, எந்த வகை ஆயுதத்தால் வரக்கூடியது, இவ்வளவும் போதும். கொடூரமா இல்லையா என்பதை நீதவான் சொல்வார்.

முறைப்பாட்டில் திகதி, நேரம், வீட்டு இலக்கம், விலங்கின் நிறம், பால், அடையாளம், கண்டவர் பெயர் எல்லாம் இருக்கட்டும். "யாரோ செய்தார்கள்" என்று முடித்தால் கோப்பும் அங்கேயே முடியும். தமிழில் எழுதிக் கொடுக்கலாம். சிங்களத்தில் எழுதியதை வாசித்து விளங்கப்படுத்தாமல் கையொப்பம் வைக்க வேண்டாம் என்று உங்களிடம் வருபவர்களுக்குச் சொல்லுங்கள்.

சீசீடிவிப் பதிவு இருந்தால் 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சியச் சட்டத்தைப் பாருங்கள். விசாரணைக்குக் குறித்த நாளுக்கு 45 நாளுக்கு முன்பே எதிர்த்தரப்புக்கு அறிவித்து, பட்டியலை நீதிமன்றில் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றிய பிரதியை நம்பாமல், பதிந்த கருவியையே பத்திரப்படுத்துங்கள். பல கருவிகள் சில நாளில் பழைய பதிவின் மேலேயே எழுதிவிடும்.

பொலிஸ் அசையவில்லையென்றால் கதை முடியாது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, பிரிவு 136(1)(அ): யாரும் நேரே நீதவானிடம் தனிப்பட்ட முறைப்பாடு வைக்கலாம். எழுத்தில் என்றால் சட்டத்தரணி ஒருவர் வரைந்து மேலொப்பம் இட வேண்டும். அந்த ஒப்பத்துக்குக் கட்டணம் கொடுக்க முடியாமல்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

வீட்டு வாக்குவாதத்துக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. கொழும்பின் தோட்டக் குடியிருப்புகளில் நாய்க்குச் சோறு வைத்து அயலோடு சண்டைப்படுபவர்களில் பலர் தனித்து வாழும் வயதான பெண்கள். அவர்களுக்கு வாடகைப் பிணக்கும் இருக்கும், ஓய்வூதியப் பிரச்சினையும் இருக்கும். ஒரே மேசையில் எல்லாம் வரும். நாயால் வரும் அயல் சண்டையை வழக்காக்காமல், பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோங்கள். அங்கே எழுதிக்கொள்ளக்கூடிய நிபந்தனைகள்: வாசலில் இல்லாமல் குறித்த ஓரிடத்தில், குறித்த நேரத்தில் சோறு, அரை மணி நேரத்தில் மிச்சத்தை அள்ளிவிடுதல், கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு அதைச் செய்து முடிக்க ஒரு தவணை. கையொப்பமிட்ட பிரதியொன்றை இரு தரப்பும் வைத்திருக்கட்டும்.