உண்ணிக்கு ‘ஜீன் ஸ்பிரே’ வாங்கலாமா?

கேள்வி: அய்யா, அந்தியூர் பக்கம் ஆறு கலப்பின ஜெர்சி மாடு வைத்திருக்கிறேன். போன ஆடியில் ஒரு மாடு, உண்ணி பரப்புகிற தைலேரியாக் காய்ச்சலில் செத்துப்போச்சு. டெல்டாமெத்ரின் உண்ணிமருந்தை லிட்டருக்கு 2 மில்லி கலந்து, காட்டுக்கு மருந்தடிக்கிற கைத்தெளிப்பானில் 5 லிட்டர் ஊற்றி ஆறு மாட்டுக்கும் அடிக்கிறேன். நாலே நாளில் உண்ணி மறுபடி தெரிகிறது. கடைக்காரர், “உண்ணியின் ஜீனையே அடக்குகிற ஆர்என்ஏ மருந்து வந்திருக்கு, அடித்த ஒரு மணி நேரத்தில் உண்ணி உதிர்ந்துவிடும், ஆறு மாதம் கவலையில்லை” என்கிறார். 100 மில்லி 1,850 ரூபாய். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அவர் சொன்ன “ஒரு மணி நேரம்” என்ற சொல்லே போதும். ஜீன் அடக்கம் என்பது உண்ணியின் செல்லுக்குள் இரட்டை இழை ஆர்என்ஏ போய், ஒரு குறிப்பிட்ட புரதம் உருவாகாமல் தடுப்பது. ஏற்கெனவே இருக்கிற புரதம் தீர்ந்து, உண்ணி தளர்வதற்கு நாள் கணக்காகும். ஒரு மணி நேரத்தில் உண்ணி உதிர்ந்தால் அந்தப் பாட்டிலில் நரம்பைத் தாக்கும் பூச்சிமருந்து ஏதோ இருக்கிறது. அது எது, எவ்வளவு என்று தெரியாமல் பால் மாட்டின் மேல் அடிப்பீர்களா? லேபிளில் மருந்தின் பெயர், சதவீதம், தொகுதி எண், உரிம எண் நான்கும் இருக்கிறதா பாருங்கள். ஒன்று குறைந்தாலும் திருப்பிக் கொடுங்கள். பில் தராத கடையில் மாட்டு மருந்து வாங்கவே கூடாது.

விஞ்ஞானம் பொய்யில்லை. இந்த முறையைக் கண்டுபிடித்த ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ இருவருக்கும் 2006இல் நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவில் உருளைக்கிழங்கு வண்டுக்கு லெட்ப்ரோனா என்ற ஆர்என்ஏ தெளிப்புக்கு 2023 டிசம்பரில் அனுமதியும் கிடைத்தது. வண்டு இலையைத் தின்கிறது. இலைமேல் அடித்தது அதன் குடலுக்குப் போகிறது. உண்ணி அப்படியா? அதன் வாய் தோலுக்குள் புதைந்து ரத்தம் குடிக்கிறது. மாட்டின் முடிமேல் அடித்தது அதன் வாய்க்கே போகாது. ரத்தத்தில் கலந்தாலும் அங்கிருக்கிற நொதிகள் ஆர்என்ஏவைச் சிதைத்துவிடும். அதனால்தான் ஆய்வகத்தில் நுண்ணிய ஊசியால் ஒவ்வொரு உண்ணிக்குள்ளும் செலுத்துகிறார்கள், அல்லது குஞ்சுகளைக் கரைசலில் மணிக்கணக்கில் ஊறவைக்கிறார்கள். சபோலெசின் என்ற புரதத்தை இப்படி அடக்கினால் உண்ணி ரத்தம் குடித்துச் சரியாக ஊதாது, முட்டையும் குறையும். எந்தப் புரதத்துக்கு எதிராகத் தடுப்பூசி செய்யலாம் என்று தேடுவதற்கு இது அருமையான வழி. உண்ணித் தடுப்பூசியே புதிதில்லை. உண்ணியின் குடல் புரதமான பிஎம்86ஐ வைத்து 1990களில் ஆஸ்திரேலியாவிலும் கியூபாவிலும் விற்பனைக்கு வந்தது.

இனி நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். இப்போது அடிக்கிற மருந்து உங்கள் உண்ணியைக் கொல்கிறதா, இல்லையா?

5 லிட்டரை ஆறு மாட்டுக்குப் பங்கு வைத்தால் ஒன்றுக்கு ஒரு லிட்டர்கூட வரவில்லை. வளர்ந்த மாட்டுக்கு 4 முதல் 5 லிட்டர் வேண்டும். முதுகில் பட்டு வழிந்தால் போதாது. காது மடலின் உட்புறம், அலைதாடி, முன்தொடை இடுக்கு, மடிக்கும் தொடைக்கும் நடுவே, வாலடி எல்லாம் சொட்டச் சொட்ட நனைய வேண்டும். மாட்டோடு ஒட்டியே வளர்கிற உண்ணி குஞ்சாக ஏறி, ஊதி விழ ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். கடைசி ஓரிரு நாளில்தான் சட்டென்று பருக்கும். அப்படியென்றால் நாலாம் நாள் நீங்கள் பார்த்தது புதிதாக ஏறியதில்லை. அடித்த அன்றைக்கே நனையாமல் சிறிதாக ஒளிந்திருந்தது. அதோடு, காட்டுத் தெளிப்பானை மாட்டுக்குத் தொடாதீர்கள். களைக்கொல்லியின் மிச்சம் கழுவினாலும் முழுதாகப் போகாது. தனித் தெளிப்பான் வாங்குங்கள். அந்த 1,850 ரூபாய் அதற்கு ஆகட்டும்.

மருந்தே வேலை செய்யாமலும் இருக்கலாம். அதைக் கடைக்காரரிடம் கேட்காமல் உண்ணியிடமே கேளுங்கள். கடைசியாக அடித்து மூன்று வாரம் கழித்து, விடியற்காலையில் ஆமணக்கு விதை அளவுக்கு ஊதிய பெண் உண்ணிகளாக இருபது சேருங்கள். கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள், விரலால் நசுக்காதீர்கள். கிரிமியன்-காங்கோ காய்ச்சல் உண்ணி வழியாக மனிதனுக்கும் வரும். 2011இல் குஜராத்தில் வந்தது. பத்தை வெறும் தண்ணீரிலும், பத்தை நீங்கள் கலக்கிற அதே மருந்துத் தண்ணீரிலும் இரண்டு நிமிடம் முக்கி, பழைய செய்தித்தாளில் ஒற்றி, இரண்டு டப்பாவில் தனித்தனியாகப் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். ஈர மணல் போட்ட மண்சட்டியில் இரண்டையும் நிழலில் வையுங்கள்.

நாலைந்து நாளில் தண்ணீரில் முக்கியது முட்டை போடத் தொடங்கும். உண்ணியின் தலைப்பக்கம் பழுப்பு நிறத்தில், கடுகைவிடச் சிறிதாய், பளபளவென்று ஒட்டிக் குவிந்திருக்கும். ஒரு உண்ணிக்கு இரண்டாயிரம், மூவாயிரம் வரும். பதினான்காம் நாள் இரண்டு டப்பாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருந்தில் முக்கியதும் அதே அளவு போட்டிருந்தால் அந்த மருந்து உங்கள் தொழுவத்தில் செத்துப்போய்விட்டது. ஒன்றிரண்டு மட்டும் போட்டிருந்தால் மருந்து நல்லது, நனைத்த விதம்தான் தப்பு. பார்த்து முடிந்ததும் டப்பாவோடு கொதிநீர் ஊற்றிக் கொல்லுங்கள். உண்ணி உதிர்ந்ததா என்று பார்ப்பது ஏமாற்றம் தரும், ஏனென்றால் விழுந்த உண்ணியும் முட்டை போடும். முட்டையைத்தான் எண்ண வேண்டும்.

மருந்து தோற்றால் கடைக்காரர் சைபர்மெத்ரினோ ஃப்ளூமெத்ரினோ எடுத்துத் தருவார். பெயர்தான் வேறு, டெல்டாமெத்ரினும் அவையும் ஒரே குடும்பம். ஒன்றைத் தாங்கிய உண்ணி மற்றதையும் பெரும்பாலும் தாங்கும். வேறு குடும்பத்து மருந்தான அமிட்ராஸ் 12.5 சதவீதம் லிட்டருக்கு 2 மில்லிக்கு மாறுங்கள். மாறும் முன் அதற்கும் இதே டப்பாச் சோதனை செய்யுங்கள். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். வெயிலேறும் முன், தண்ணீர் காட்டிய பிறகு அடியுங்கள். பாலை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்று லேபிளில் இருப்பதை மீறாதீர்கள். அளவைக் கூட்டினால் வீரியம் கூடும் என்று நினைக்க வேண்டாம்; மாட்டுக்குத்தான் விஷமேறும்.

தைலேரியா வந்தது என்கிறீர்கள். அதைப் பரப்புவது ஹையலோமா உண்ணி. காலில் வெள்ளை வளையம் வளையமாக இருக்கும். நோயுள்ள மாட்டில் குடித்துவிட்டு இறங்கி, சுவர் விரிசலில் தோலுரித்து, அடுத்த வளர்ச்சிப் பருவத்தில் வேறு மாட்டில் ஏறும்போது நோயைக் கொடுக்கிறது. மாட்டை மட்டும் நனைத்தால் இது தப்பிவிடும். விரிசல்களைச் சிமெண்டு வைத்து அடையுங்கள். மாட்டுக்கு அடிக்கும் அன்றே சுவர், தொட்டியடி, கட்டுத்தறி எல்லாவற்றுக்கும் அடியுங்கள். விரிசலைத் தீச்சுடரால் பொசுக்குகிறவர்களும் உண்டு; ஓலைக்கூரை என்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள். சந்தையில் வாங்கிய மாட்டை நனைத்து, மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். தோள்பட்டைக்கு முன்னால் நிணநீர்க் கட்டி வீங்கிக் காய்ச்சல் 104க்கு மேல் போனால், அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு ரத்தப் பூச்சு எடுக்கச் சொல்லுங்கள். தைலேரியாவுக்கான பியூபர்வாகுவோன் ஊசி, உடல் எடை கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், தொடக்கத்திலேயே போட்டால்தான் பிடிக்கும்.