மாமாவின் ஜீப்பு (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். எனக்குத் திருவட்டாறு பக்கம். வேலை திருவனந்தபுரத்தில், சனி ஞாயிறு ஊரில். என் மாமா வைத்திருந்த 1990 மாடல் மஹிந்திரா எம்.எம். 540 இப்போது எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கிறது. முட்டு வலி வந்தபிறகு அவரால் கிளட்ச் மிதிக்க முடியவில்லை. ஒருநாள் வந்து சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆர்.சி. புதுப்பித்தாயிற்று, வண்டி ஓடுகிறது.

நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். 33 இஞ்ச் டயர், சஸ்பென்ஷனை நாலு இஞ்ச் தூக்குவது, முன்னால் கனத்த பம்பரும், வடத்தைச் சுற்றி வண்டியை இழுக்கும் வின்ச்சும், மேலே லைட் பார். கூட்டிப் பார்த்தால் நாலு லட்சத்துக்குக் கிட்ட வருகிறது. அம்மா அந்தக் காசுக்கு மாடி எடுக்கலாம் என்கிறார். எனக்கு உள்ளே வேறொரு கூச்சம். மாமா ரப்பர் ஷீட்டும் வாழைக்குலையும் ஏற்றிப் பிழைத்த வண்டி இது. அதை நான் பொழுதுபோக்குக்கு ஓட்டுவது சரிதானா? எவ்வளவு மாற்றலாம், எங்கே ஓட்டலாம்? நீங்கள் வெகுநாளாக ஒரு 540 வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

எஸ்., திருவட்டாறு

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தக் கூச்சத்தைப் பேசிவிடுவோம். டயர் அளவெல்லாம் பிறகு.

பிழைப்புக்கு ஓட்டியவர் அந்த வண்டியை ரசிக்கவில்லை என்று எதை வைத்து நினைத்தீர்கள்? எனக்குத் தெரிந்த ஜீப் ஓட்டுநர்களில், எந்த வளைவில் எந்த கியர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லாத ஒருவரும் இல்லை. சொல்லும்போது அவர்களுடைய இடது கால் தன்னால் அசையும். உங்கள் மாமா வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டிருக்கலாம், நல்ல விலைக்கு விற்றிருக்கலாம். மருமகனிடம் சாவியைக் கொடுத்திருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டு குலசேகரம் வரை ஒரு தடவை போய்வாருங்கள். கூச்சத்துக்கு அவரே பதில் சொல்லிவிடுவார்.

நான் சிறுவனாக இருந்தபோது தேர்தல் வந்தால் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஜீப் வரும். மற்ற நாட்களில் எஸ்டேட் ஜீப் மட்டும்தான். உயரமான பானெட் வைத்த பழைய சி.ஜே. 3பி. அதற்கு மட்டும் ஏன் அவ்வளவு நெற்றி என்று வெகுகாலம் யோசித்திருக்கிறேன். வில்லிஸ் கம்பெனி முந்தைய ஜீப்பின் உடம்புக்குள் ‘ஹரிக்கேன்’ என்ற எஞ்சினை வைத்தது. அதில் காற்றை உள்ளே விடும் வால்வுகள் மேலே, ஹெட்டில் ஏறிவிட்டன. எஞ்சின் உயரமானது, பானெட்டைத் தூக்க வேண்டியதாயிற்று. அழகு பார்த்துச் செய்தது ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 1953 முதல் 1968 வரை வந்த மாடல் அது. அங்கே நின்ற பிறகும் மஹிந்திரா இங்கே அதைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தது. தேவை முன்னால் வந்தது, வடிவம் பின்னால் வந்தது. உங்கள் வண்டியில் எதை மாற்றினாலும் இந்த வரிசையில் மாற்றுங்கள் என்பதுதான் நான் சொல்ல நினைப்பது. மீதி எல்லாம் இதற்கான விளக்கம்.

ஒரு மழைநாளைச் சொல்கிறேன். இருபது வருடம் இருக்கும். இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துக்கொண்ட சமயம். பேச்சிப்பாறைப் பக்கம் நண்பர் ஒருவரின் ரப்பர் விளையிலிருந்து (தோட்டத்திலிருந்து) ஒட்டுப்பால் என்கிற உறைந்த ரப்பர் மூட்டைகளை இறக்கிக் கொண்டுவர வேண்டும். செம்மண் ஏற்றம், நடுவில் தண்ணீர் அறுத்த சால், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கட்டி நின்ற மரங்கள். ஃபோர் வீல் போட்டுத்தான் ஏறினேன். பாதியில் வண்டி சாலுக்குக் குறுக்காக விழுந்து நின்றுவிட்டது. நான் மிதித்தேன். சத்தம் வந்தது, சேறு தெறித்தது, வண்டி அசையவில்லை. இன்னும் மிதித்தேன்.

மேலே மரத்தடியில் சிரட்டையைக் கவிழ்த்துக்கொண்டிருந்த வயதான பால்வெட்டுக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். வண்டியைச் சுற்றி நடந்தார். குனிந்து ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தார். “சவுட்டாத மக்கா, காலை எடு” என்றார். பிறகு, “முன்னால இடது, பின்னால வலது. இது ரெண்டும்தான் சுத்துது. மத்தது ரெண்டும் சும்மா நிக்குது.”

ஃபோர் வீல் போட்டால் நான்கு சக்கரமும் இழுக்கும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். நம் வண்டியில் கியர்பாக்ஸை ஒட்டியிருக்கும் டிரான்ஸ்பர் கேஸ் முன் அச்சையும் பின் அச்சையும் சேர்த்துப் பூட்டுகிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு அச்சிலும் இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பங்கிடும் டிப்ரன்ஷியல் பூட்டில்லாதது. எந்தச் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லையோ, சுழற்சி அந்தப் பக்கமே ஓடிவிடும். ஆகவே குறுக்காக இரண்டு சக்கரம் தொங்கினால், மண்ணில் ஊன்றி நிற்கும் மற்ற இரண்டும் வேடிக்கை பார்க்கும். அவர் இதை எந்தப் புத்தகத்திலும் படித்தவரில்லை. எஸ்டேட் ஜீப்பை நாற்பது வருடம் தள்ளியவர்.

சுழன்ற இரண்டு சக்கரத்துக்கும் அடியில் கல்லும் தென்னமட்டையும் திணித்தோம். டயரில் காற்றைப் பாதியாக இறக்கினேன். டிரான்ஸ்பர் கேஸை லோ என்ற மெதுவான நிலைக்குத் தள்ளி, முதல் கியரைப் போட்டுக் கிளட்ச்சை மெதுவாக விட்டேன். ஆக்சிலேட்டரில் கால் வைக்கவில்லை. “அதுக்க பாட்டுக்கு விடு” என்று அவர் வெளியே நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். வண்டி ஒரு முறை முனகி, நடக்கிற வேகத்தில் மேலே போய்விட்டது.

லோ போட்டால் சக்கரத்துக்கு வரும் முறுக்குவிசை ஏறத்தாழ இரண்டரை மடங்காகிறது, வேகம் அதே அளவு குறைகிறது. ஐட்லிங்கில் எஞ்சின் திணறினால் டீசல் பம்பில் இருக்கும் கவர்னர் தானாகவே கொஞ்சம் எரிபொருளைக் கூட்டிவிடும். அதனால்தான் கால் வைக்காமலேயே ஏறுகிறது. உங்கள் 540-இல் இருக்கும் 2112 சி.சி. பெஜோ டீசல் எஞ்சின் பெரிய பலசாலி இல்லை. ஆனால் பொறுமைசாலி. இறக்கத்திலும் இதே லோ முதல் கியர்தான். பிரேக்கைத் தொடாமல், எஞ்சினே பிடித்துக்கொள்ளும். அந்த ஒரு காலையில் நான் தெரிந்துகொண்டதை நாலு லட்சம் கொடுத்தும் வாங்கியிருக்க முடியாது. வின்ச் இருந்திருந்தால் கொக்கியை மரத்தில் மாட்டி இழுத்துக்கொண்டு வந்திருப்பேன். எந்தச் சக்கரம் சுழன்றது என்று இன்றுவரை தெரிந்திருக்காது.

பிறகு நானும் பெரிய டயருக்கு ஆசைப்பட்டேன். ஒரு கடையில் சொன்னார்கள், போட்டேன். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் ஸ்பிரிங் பட்டையில் உரசியது. நிறுத்தும்போது ஸ்டியரிங் தூக்க முடியாத கனம். ஸ்பீடோமீட்டர் 50 காட்டும்போது வண்டி அதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. சுற்றளவு கூடினால் அப்படித்தான் ஆகும். மேட்டில் முன்பு இரண்டாவதில் ஏறிய இடத்தில் முதல் கியர் தேவைப்பட்டது. எல்லாவற்றையும்விட மோசம் பிரேக். கனமான சக்கரத்தைப் பிடித்து நிறுத்த அந்த டிரம் பிரேக் செய்யப்படவில்லை. வேர்க்கிளம்பி இறக்கத்தில் ஒரு பேருந்தின் பின்னால் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நின்றேன். மறுநாளே பழைய அளவுக்குத் திரும்பினேன்.

ஆகவே என் வண்டியில் இப்போது இருப்பதைச் சொல்கிறேன். ஆர்.சி.-க்கு ஒத்த அளவிலேயே தரையைப் பிடிக்கும் கட்டைகள் கொஞ்சம் பெரிதான மண் டயர். முன்னும் பின்னும் சேசிஸில் போல்ட் போட்ட இழுவைக் கொக்கி. பம்பரில் கயிறு கட்டி இழுக்கவே இழுக்காதீர்கள், பிய்த்துக்கொண்டு வந்தால் எதிரில் நிற்பவர் மேல்தான் பாயும். முன்சீட் இரண்டுக்கும் நல்ல பெல்ட். ஹெட்லைட்டுக்கு ரிலே (பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் விடும் ஸ்விட்ச்) வைத்துத் தனி வயர். பழைய வண்டியில் மின்சாரம் ஸ்விட்ச் வழியாகச் சுற்றி வருவதற்குள் பாதி வெளிச்சம் வழியிலேயே போய்விடும். ரிலே வைத்தால் அதே பல்ப் கண் திறந்த மாதிரி எரியும், லைட் பார் தேடவேண்டாம். பிரேக் லைனிங்கையும் சிலிண்டர்களையும் புதிதாகப் போட்டேன். இவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சாலையில் இல்லாமல் தவித்த பிறகு வந்தவை. பெல்ட் மட்டும் விதிவிலக்கு. அதற்கு எந்த அனுபவமும் வேண்டாம், இந்த வாரமே போடுங்கள்.

உங்கள் முன் சக்கரங்களின் நடுவில் இருக்கும் ஹப்பில் கையால் திருப்பும் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தார் ரோட்டில் ஃப்ரீயில் வைத்து ஓட்டினால் முன் அச்சும், அதற்குச் சுழற்சி கொண்டுபோகும் பிராப்பெல்லர் ஷாஃப்டும் வீணாகச் சுற்றாது. காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டுவதும் வேண்டாம். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் உருள்கின்றன. அந்த வித்தியாசம் போக இடமில்லாமல் கியர்களிலும் ஷாஃப்டின் மூட்டுகளான கிராஸ்களிலும் முறுக்கிக்கொண்டு நிற்கும். சேற்றில் சக்கரம் சறுக்கி அதைத் தீர்த்துக்கொள்ளும், தாரில் முடியாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் வாரம்தோறும் களியக்காவிளை எல்லையைத் தாண்டிக் கேரளம் போகிறவர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்து ஆர்.சி.-யில் பதிவான அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. முன்னால் மாட்டும் கனத்த இரும்பு பம்பருக்கு 2017 கடைசியிலேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது. எதிரே நடந்து வருகிறவரை அது கொல்லும் என்பதுதான் காரணம், அது நியாயமான காரணம். உங்கள் வண்டி 15 வருடம் கடந்தது, 5 வருடத்துக்கு ஒருமுறை ஆய்வாளர் முன்னால் நிற்க வேண்டும். நாலு இஞ்ச் தூக்கிய ஜீப்பை அங்கே கொண்டு நிறுத்தவா மாமா இத்தனை வருடம் தாள்களை ஒழுங்காக வைத்திருந்தார்?

எங்கே ஓட்டலாம் என்ற கேள்விக்கு: கேட்டு அனுமதி வாங்கிய விளைகளில், எஸ்டேட் வழிகளில், ஆற்றுச் சப்பாத்துகள் என்ற தாழ்ந்த பாலங்களில், மழை தின்ற கிராமத்துச் சாலைகளில். நம் மாவட்டத்தில் இவற்றுக்குப் பஞ்சமில்லை, வருடத்தில் இரண்டு மழைக்காலம் வேறு. சப்பாத்தில் தண்ணீர் ஓடினால் முதலில் இறங்கி நடந்து பாருங்கள். நடக்க முடியாத தண்ணீரில் வண்டியை இறக்க வேண்டாம். கடந்து ஏறியதும் பிரேக்கை இலேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் போங்கள், நனைந்த டிரம் காயும்வரை பிடிக்காது.

காட்டுக்குள் போகவேண்டாம். கீரிப்பாறைக்கு அப்பால், காளிகேசத்துக்கு அப்பால் மலை அழைக்கும், எனக்குத் தெரியும். அது கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம். வனத்துறை திறந்து வைத்த பாதையில், அவர்கள் சொன்ன நேரத்தில் போகலாம். ஓடையில் இறக்கி விளையாட அது நம் இடமில்லை. கடற்கரை மணலும் அப்படித்தான். வருடத்தின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் கரையேறி மணலுக்குள் முட்டையிடுகின்றன. மேலே பார்த்தால் வெறும் மணல்தான் தெரியும். ஒரு டயர்த் தடம் போதும், கீழே இருப்பது போய்விடும். வீடியோ எடுப்பதற்காக மணலில் ஜீப்பைச் சுழற்றுகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

கடல் என்றதும் இன்னொன்று. நம் ஊரில் ஜீப்பைக் கொல்வது மலை இல்லை, உப்புக்காற்று. மழையில் ஓட்டிவந்தால் மேலே கழுவுவதைவிட அடியில் கழுவுங்கள், சேசிஸின் உள்பக்கம் தண்ணீர் பாய்ச்சுங்கள். சேற்று ஈரம் அங்கேதான் தங்கும். என் வண்டியில் ஓட்டுநர் கால் வைக்கும் இடத்து ரப்பர் விரிப்பை ஒருநாள் தூக்கிப் பார்த்தேன். தகடு அப்பளம் மாதிரி இருந்தது. விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. கீழே முற்றத்துக் கல் தெரிந்தது. அதே இடத்தில்தான் தினமும் குதிகாலை ஊன்றிக் கிளட்ச் மிதித்துக்கொண்டிருந்தேன். வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து, இருபக்கமும் பெயிண்ட் அடித்து முடிக்க ஒரு வாரம் ஆனது. உங்கள் நாலு லட்சத்தில் முதல் செலவு இங்கேயாக இருக்கட்டும். மீதியில் அம்மா மாடி எடுக்கட்டும்.

இடவப்பாதி தொடங்குவதற்கு முன் ஒரு ஞாயிறு காலை தக்கலைக்கு வாருங்கள், மாமாவையும் கூட்டிக்கொண்டு. வண்டியில் எதையும் மாற்றாமல் அப்படியே கொண்டு வாருங்கள். நண்பரின் விளைக்குப் போவோம், அந்த ஏற்றம் இப்போதும் அப்படியே கிடக்கிறது. வருவதற்கு முன் விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு போன் செய்யுங்கள். தகடு போயிருந்தால் வெல்டிங் செய்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.