காட்சியில் கை வையுங்கள்

கேள்வி: என் சிறுகதை 3,200 சொற்கள் வந்துவிட்டது. போட்டிக்கு 1,800 தான் அனுமதி. வரி வரியாகக் குறைத்தும் 2,900க்குக் கீழே இறங்கவில்லை. என்ன செய்ய?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: வரியில் கை வைத்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் குறையும், உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது. இன்னும் 1,100 சொற்கள் போகவேண்டுமென்றால் ஒரு காட்சியோ ஒரு பாத்திரமோ முழுசாகப் போகவேண்டும். காட்சிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இதனால் என்ன மாறியது?' என்று குறியுங்கள். பதில் வராத காட்சி எத்தனை அழகாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் அது முதல் பக்கத்திலேயே இருக்கும்: விடிகிறது, காபி, பஸ், பழைய நினைவு. வாடகை வீட்டைக் காலி செய்கிற கதையா? வீட்டுக்காரர் சாவிக்குக் கை நீட்டுகிற இடத்தில் தொடங்குங்கள்.

வெட்டியபின் ஓர் ஆபத்து உண்டு. மூன்றாம் பக்கத்தில் 'அந்தக் கடிதம்' என்று நிற்கும். கடிதம் வந்த காட்சியோ போயிருக்கும். 'அந்த', 'மறுபடியும்', 'இந்த முறை' ஆகிய சொற்களைத் தேடிச் சரிபாருங்கள்.

வரிகள் கடைசியில்தான். 'அவள் மெதுவாக எழுந்து அவளுடைய பையை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்' என்பது 'எழுந்து, பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்' என்றாகும். வினைமுற்றே பெண் என்று சொல்லிவிடுகிறதே, 'அவள்' எதற்கு? முழங்கால் வலிக்காரி என்றால் மட்டும் 'மெதுவாக' இருக்கட்டும்.

பழைய வடிவை அழிக்காதீர்கள். அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் கதை ஒன்றைப் பதிப்பாசிரியர் கோர்டன் லிஷ் பாதிக்கும் மேல் வெட்டி 1981இல் வெளியிட்டார். மகனை இழந்த பெற்றோருக்கு பேக்கரிக்காரர் சூடான ரொட்டி கொடுத்து உட்காரவைக்கும் முடிவு அதில் இல்லை. 1983 தொகுப்பில் கார்வர் நீண்ட வடிவத்தையே கொண்டுவந்தார். வெட்டு அங்கே கதையின் உயிரையே தொட்டிருந்தது.

கேள்வி: உரையாடலில் வட்டார வழக்கு எவ்வளவு வரலாம்?
– வாசகர், சிவகங்கை

பதில்: அளவைவிட சீர்தான் முக்கியம். ஒரே கிழவி ஒரு பக்கத்தில் 'வாரேன்' என்றும் அடுத்த பக்கத்தில் 'வரேன்' என்றும் பேசினால் வாசகர் அவளை நம்பமாட்டார். ஒவ்வொரு பாத்திரமும் அடிக்கடி சொல்லும் பத்து வினைகளைத் தனியே எழுதிவைத்துக்கொண்டு, கடைசித் திருத்தத்தில் அந்தப் பாத்திரத்தின் பேச்சை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள்.