கைநாட்டும் கையெழுத்தும்

கேள்வி: எனக்கு 43 வயது. 1990இல் இடம்பெயர்ந்தபோது இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோயிற்று. இப்போது கைநாட்டுத்தான். எங்கட ஊர் மாதர் சங்கக் கட்டடத்தில் பின்னேரம் எழுத்தறிவு வகுப்பு நடக்கிறது. "இனிப் படிச்சு டொக்டராகவா போறாய்?" என்று கணவர் சிரிக்கிறார். பெயர் எழுத மட்டும் மகளிடம் பழகினால் போதாதா?
– வாசகி, கொக்கட்டிச்சோலை

பதில்: தங்கச்சி, பெயர் மட்டும்தான் என்றால் பழகாமலே இருங்கள் என்பேன். கோபிக்காதீர்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு உறுதிப் பத்திரத்தை வாசித்து விளங்கப்படுத்தாமல் நொத்தாரிசு அதை அத்தாட்சிப்படுத்தக்கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். கையெழுத்துப் போட்டீர்களோ, வாசித்துத்தான் போட்டீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். கிழமைக்குக் கிழமை கட்டுகிற லோனில் மாட்டுப்பட்டவர்களில் வடிவாகக் கையெழுத்துப் போடுகிறவர்கள் எத்தனை பேர்!

ஆகவே வாசிப்பு வரைக்கும் போங்கள். 247 எழுத்து என்று பயப்படவேண்டாம். 12 உயிரும் 18 மெய்யும் அரவு, கொம்பு, விசிறி போன்ற குறிகளும் பிடிபட்டால் பெரும்பகுதி வந்துவிடும். கு, சு, து வரிசைதான் கொஞ்சம் படுத்தும்.

மகளிடம் எழுத்துப் படிக்கலாம், கேள்வி கேட்கப் பழக வகுப்புத்தான் வேணும். வாகரைப் பக்கம் அப்படியொரு வகுப்பில் ஒருநாள் இருந்தேன். ஒரு அம்மா முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தது கரண்ட் பில். விரலை வைத்து "நி... லு... வை" என்று கூட்டினவர் நிமிர்ந்து, "போன மாசம் கட்டினனே, இதென்ன நிலுவை?" என்றார். உடனே நாலைந்து பேர் தங்கள் பில்லைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். அன்றைய பாடம் அத்தோடு சரி. அடுத்த கிழமை மகனைக் கூட்டாமலே அலுவலகம் போனாராம். பிழை யார் பக்கம் என்று நான் கேட்கவில்லை. ஆனால் கவுண்டரில் "பொறுங்க தம்பி, நான் இன்னும் வாசிச்சு முடியல்ல" என்று தான் சொன்னதை மூன்று தரம் நடித்துக் காட்டினார்.

உங்கள் கணவர் சிரிப்பது இன்னும் கொஞ்சநாள் நடக்கும், விடுங்கள். எனக்குப் பயம் வேளாண்மை வெட்டுக் காலத்தில்தான். அப்போது பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். நேரத்தை மாற்றித் தரச் சொல்லி ரீச்சரிடம் இப்போதே கதையுங்கள். புழங்காத எழுத்து மறந்துபோகும். அது உங்களுக்கே ஒருதரம் நடந்திருக்கிறது. வகுப்பு இடையில் நின்றால் வலயக் கல்வி அலுவலகத்தில் முறைசாராக் கல்விப் பிரிவு எது என்று விசாரியுங்கள்.

முதல்நாள் கொப்பியோடு உங்கள் கரண்ட் பில்லையும் கொண்டுபோங்கள். அதற்கு முன் கண்ணைக் காட்டிவிடுங்கள். நாற்பது தாண்டினால் கிட்டத்து எழுத்து மங்கும். மண்டையில் ஏறவில்லை என்று நினைத்துவிடாதீர்கள், கண்ணாடி இல்லாததுதான் காரணமாயிருக்கும்.