விந்தகச் செல் இணைப்புப் புரதங்களில் முனைவர் பட்டம்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா,

முதுகலை உயிர்வேதியியல் இறுதியாண்டில் இருக்கும் தங்கள் மகள், விந்தகத்தில் செல்களைப் பிணைக்கும் புரதங்கள் குறித்து முனைவர் பட்ட ஆய்வில் சேர விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். இத்தனை சிறிய பொருளைப் படித்தால் வேலை கிடைக்குமா என்றும், உறவினர் கேட்டால் என்ன சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதற்கு விடை எளிது. குழந்தையின்மை தொடர்பான ஆராய்ச்சி என்று சொல்லுங்கள்; அது உண்மையும்கூட. முதற்கேள்விக்கு விடை சொல்ல, பொருளையே கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

விந்தக நுண்குழல்களின் உட்சுவரில், வளரும் விந்துச் செல்களைத் தாங்கி ஊட்டம் தருபவை செர்டோலி செல்கள் என்று பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலிலேயே தங்கள் மகள் படித்திருப்பார். 1865இல் இத்தாலியரான என்ரிகோ செர்டோலி விவரித்த இச்செல்கள், குழலின் அடிப்பகுதியை ஒட்டி ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து, இரத்தத்திலிருந்து வரும் பொருள்கள் கண்டபடி உள்ளே நுழையாதவாறு ஒரு தடுப்பை அமைக்கின்றன. பருவமடையும் காலத்தையொட்டித் தோன்றும் விந்துச் செல்களை, தன் செல்கள் எவை என்று முன்பே கற்றுமுடித்துவிட்ட நோயெதிர்ப்பு மண்டலம் அந்நியமெனக் கருதித் தாக்கக்கூடும் என்பதால், அவற்றை மறைத்துக் காப்பதும் இத்தடுப்பின் பணியாகிறது. கிளாடின்-11, ஆக்லுடின் ஆகியவை இறுக்கமான இணைப்புகளையும், என்-கேட்ஹெரின் பற்றிப்பிடிக்கும் இணைப்புகளையும், கனெக்சின்-43 செல்களுக்கிடையே செய்தி கடக்கும் இணைப்புகளையும் உருவாக்குகின்றன. கிளாடின்-11 மரபணு நீக்கப்பட்ட ஆண் சுண்டெலிகள் மலடாகிப் போயின.

இத்தடுப்பு நிலையான சுவர் அன்று. அடியில் இருக்கும் இளம் விந்துச் செல்கள் அதைக் கடந்து மேலே சென்றாக வேண்டும். அவை கடக்கும்போது, மேலுள்ள பழைய இணைப்பு அவிழ்வதற்கு முன்பே கீழே புதிய இணைப்பு கட்டப்பட்டுவிடுகிறது. டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் கட்டுமானத்துக்குத் துணைநிற்க, சைட்டோகைன்கள் எனப்படும் செல்கள் சுரக்கும் செய்திப் புரதங்களில் சில அவிழ்ப்பதற்குத் துணைபோகின்றன. இந்த ஏற்பாடு எந்தப் புரதத்தின் ஆணைப்படி நடக்கிறது என்பதில் இன்னும் வேலை நிறைய இருக்கிறது. விந்துச் செல்லுக்கும் செர்டோலி செல்லுக்கும் இடையிலான பிணைப்பை மட்டும் தளர்த்தி, முதிராத விந்துச் செல்களை உதிரச் செய்யும் அட்ஜுடின் என்ற சேர்மத்தை, ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகும் நோக்கில் நியூயார்க்கின் பாப்புலேஷன் கவுன்சில் என்ற ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எலிகளில் ஆராய்ந்ததும் இந்த அறிவைக் கொண்டுதான். அது மருந்தாகச் சந்தைக்கு வரவில்லை.

அன்றாடம் மகள் என்ன செய்வார் என்று தாங்கள் அறிவது நல்லது. ஏறத்தாழ இருபது நாள் வயதுள்ள எலியின் விந்தகத்திலிருந்து செர்டோலி செல்களைப் பிரித்து, நுண்துளைச் சவ்வின்மேல் வளர்த்து, இருபுறமும் மின்முனை வைத்து மின்தடையை அளப்பார். இணைப்புகள் உருவாக உருவாக அந்த எண் ஏறும். காட்மியம் என்ற நச்சு உலோகத்தைச் சேர்த்தால் இறங்கும். புரதத்தின் அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் அந்த அளவு மாறாமலே இருக்க, ஒளிரும் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், செல்லின் விளிம்பில் தொடர்கோடாக இருக்க வேண்டிய அதே புரதம் துண்டுதுண்டாகி உள்ளே சரிந்திருப்பதும் உண்டு. இந்த வேறுபாட்டைக் காணப் பழகிய கண்ணுக்கும் கைக்கும்தான் பிற்பாடு சம்பளம் கிடைக்கிறது.

ஏனெனில் ஆக்லுடினும் கிளாடின் குடும்பமும் விந்தகத்தில் மட்டுமன்றி, குடலிலும் மூளை இரத்தக் குழாய்களிலும் இருக்கின்றன. கிளாடின் 18.2 என்ற புரதத்தைக் குறிவைக்கும் சோல்பெடக்சிமாப், இரைப்பைப் புற்றுநோய்க்கான மருந்தாக 2024இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. எனவே மருந்து ஆய்வு நிறுவனங்களிலும் நச்சியல் பரிசோதனைக் கூடங்களிலும் இத்திறன் செல்லுபடியாகும். ஆனால் குழந்தையின்மை சிகிச்சை மையத்தில் கருவியல் நிபுணராகச் சேர இந்த முனைவர் பட்டம் மட்டுமே போதும் என்று எண்ணிவிட வேண்டாம். அதற்கான தகுதிகள் செயற்கைக் கருத்தரிப்பை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டிய விதிகளில் தனியே வகுக்கப்பட்டுள்ளன. கருவியலில் செய்முறைப் பயிற்சியும் தனியாகப் பெற வேண்டும். பட்டம் பெற்ற மறுநாளே கல்லூரிப் பேராசிரியர் பணி கிடைக்கும் என்றும் என்னால் உறுதி கூற இயலாது.

இடங்களைப் பொறுத்தவரை, மும்பை பரேலில் உள்ள ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) இனப்பெருக்க, குழந்தை நல ஆராய்ச்சி நிறுவனத்தையும், ஐதராபாத்தின் சிசிஎம்பி எனப்படும் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தையும் முதலில் பாருங்கள். அறிவியல் பாடங்களுக்கான தேசியத் தகுதித் தேர்வான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) தகுதியுடன் சேர்ந்தால், 2023 ஜனவரி முதல் நடப்பிலுள்ள விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், பின்னர் 42,000 ரூபாயும் கிடைக்கும். வீட்டு வாடகைப்படி தனி. உதவித்தொகை இல்லாமல், "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாய்ச்சொல்லை நம்பிச் சேர்வதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

சேருமுன் மகள் அந்த ஆய்வுக்கூடத்துக்கு நேரில் சென்று, அங்கே செர்டோலி செல்களை உண்மையிலேயே வளர்க்கிறார்களா, விலங்கு ஆய்வுக்கான நெறிக்குழு ஒப்புதல் நடப்பில் உள்ளதா, முந்தைய மாணவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், இப்போது எங்கே பணிபுரிகிறார்கள் என்று, நெறியாளரிடம் மட்டுமன்றி அங்குள்ள மாணவர்களிடமும் கேட்கட்டும். எலிகளைக் கொன்று உறுப்பெடுக்கும் வேலை தனக்கு ஒத்துவருமா என்பதையும் அவரே சொல்ல வேண்டும். ஒத்துவராது என்றால், செல் இணைப்புகளையே குடல் செல் வளர்ப்பில் ஆராயும் கூடங்களுக்கு விண்ணப்பிக்கலாம்.